நிர்பேள் என்றொரு கட்டம்: விதர்பாவின் பருத்தி–சோயா வயலும் அதைப் பதியும் சொற்களும்

மகாராஷ்டிரத்தில் நிலம் வைத்திருக்கும் எவரும் ‘சாத்-பாரா’ என்னும் தாளைத் தெரியாமல் இருக்க முடியாது. கிராமக் கணக்கின் 7ஆம் படிவமும் 12ஆம் படிவமும் ஒரே தாளில் சேர்ந்து வருவதால் அந்தப் பெயர். 7ஆம் படிவம் நிலம் யாருடையது என்பதைச் சொல்கிறது. 12ஆம் படிவம் அதில் என்ன விளைந்தது என்பதைச் சொல்கிறது. தமிழ்நாட்டில் பட்டாவும் அடங்கலும் பிரித்துச் செய்கிற வேலையை அங்கே இந்த ஒரு தாள் செய்கிறது. அந்த 12ஆம் படிவத்தின் தலைப்புகளைப் பொறுமையாகப் படிப்பவர் கண்ணில் ஒரு சொல் படும்: ‘நிர்பேள்’. வயலில் ஒரே பயிர் மட்டும் நின்றால் அது ‘நிர்பேள் பீக்’. ‘பீக்’ என்றால் பயிர். ‘நிர்பேள்’ என்றால் கலப்பற்றது, தூயது. ‘நிர்பேள் ஆனந்த்’ என்று மராத்தியில் எழுதினால் துயரத்தின் நிழல் படாத மகிழ்ச்சி என்று பொருள். தனிப்பயிருக்கு இத்தனை புகழ்ச்சியான சொல்லை எந்த எழுத்தர் முதலில் தேர்ந்தாரோ, அவர் தம்மையறியாமல் ஒரு மதிப்பீட்டையும் கட்டத்துக்குள் எழுதிவிட்டார்.

அதற்கு எதிர்க்கட்டம் ‘மிஷ்ர பீக்’, அதாவது கலப்புப் பயிர். இவ்விரண்டும் மீண்டும் ‘ஜலசிஞ்சித்’, ‘அஜலசிஞ்சித்’ எனப் பிரிகின்றன: நீர் பாய்ந்தது, நீர் பாயாதது. ஆக, அடிப்படையில் நான்கு கட்டங்கள். மேற்கு விதர்பாவின் தாழ்நிலக் கரிசலில் பருத்தியும் சோயாவும் வரிசை மாற்றி நிற்க, பருவமழை ஓய்ந்தபின் ஒரே ஒரு தண்ணீர் பெற்றுக் கரையேறும் வயல் இவற்றுள் எதில் உட்காரும் என்பது கேட்கத் தகுந்த கேள்வி. ‘கலப்பு, நீர் பாய்ந்தது’ என்று எழுதலாமே என்று உடனே விடை வரும். அந்த விடை எங்கே தவறுகிறது என்பதைக் காண, படிவத்தை மடித்து வைத்துவிட்டு முதலில் வயலைப் பார்க்க வேண்டும்.

அகோலா, அமராவதி, புல்டாணா மாவட்டங்களின் நடுவே பூர்ணா ஆறு ஓடுகிறது. அதன் இருமருங்கும் விரியும் தாழ்நிலத்துக்கு மக்கள் இட்ட பெயர் ‘கார்பாண் பட்டா’, உவர்நீர்ப் பட்டை. மண் ஆழமான கரிசல். கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். முதல் மழை அந்த வெடிப்புகளின் வழியே கடகடவென உள்ளே இறங்கும். மண் ஒருமுறை ஊறி வெடிப்புகள் மூடிக்கொண்டால், அடுத்த மழை உள்ளே போக வழியின்றி மேலேயே நிற்கும். ஜூலையிலும் ஆகஸ்டிலும் நீர் தேங்கிப் பருத்தியின் வேர் மூச்சுத் திணறும். அதே வயல் அக்டோபரில் தண்ணீருக்கு ஏங்கும். கிணறு தோண்டினால் வருவது உவர்நீர். அதைத் தொடர்ந்து பாய்ச்சினால் மண்ணில் சோடியம் ஏறி, இருக்கும் வடிகாலும் கெடும். ஆகையால் அங்கே ‘பாசனம்’ என்னும் சொல்லுக்கு உரிய பொருள், மழைக்காலத்தில் பண்ணைக்குட்டையில் பிடித்துவைத்த மழைநீரை மழை போனபின் எடுத்துக் கொடுப்பது மட்டுமே. வானம் பார்த்த பூமி, வானம் தந்ததையே இரண்டாம் முறை குடிக்கிறது.

(‘மானாவாரி’ என்பது ‘வானவாரி’யின் திரிபு என்று கொள்வோர் உண்டு. அந்தச் சொற்பிறப்பு சரியோ இல்லையோ, குட்டைநீர் பாய்ந்த வயலை அந்தச் சொல் வெளியே தள்ளாது. வானத்திலிருந்து வந்த நீர்தானே. மராத்தியின் ‘கோரட்வாஹூ’ அப்படியன்று. ‘கோரடா’ என்றால் உலர்ந்தது. ஒருமுறை நனைந்துவிட்டால் அந்தப் பெயர் ஒட்டாது.)

இனி அந்த வயலின் நாட்காட்டி. ஜூன் நடுவிலிருந்து ஜூலை தொடக்கத்துக்குள் விதைப்பு. பருத்தி முதல் ஒன்றரை மாதம் மெல்லத்தான் வளரும். 90 அல்லது 120 செ.மீ. இடைவெளி விட்டு ஊன்றிய வரிசைகளுக்கிடையே வெயிலும் மழையும் வெறும் மண்ணில் விழுந்துகொண்டிருக்கும். அந்த இடத்தைத்தான் சோயா எடுத்துக்கொள்கிறது. ஜபல்பூரிலிருந்து 1994இல் வெளிவந்து மத்திய இந்தியா முழுவதும் பரவிய ஜே.எஸ். 335 போன்ற இரகங்கள் நூறு நாளுக்குள் முதிர்ந்துவிடும். செப்டம்பர் இறுதியில் அல்லது அக்டோபர் முற்பாதியில் சோயா அறுவடையாகித் தீபாவளிக்குக் கையில் பணமாகிறது. அப்போது பருத்தி சப்பையும் பூவும் காயுமாக நிற்கும். அதன் நீர்த்தேவை உச்சத்தில் இருக்கும் நாட்களில்தான் பருவமழை விடைபெறுகிறது.

இந்த இணையைப் பற்றி வேளாண் கையேடுகள் சொல்வது பெரும்பாலும் இவ்வளவுதான்: சோயா காற்றிலுள்ள தழைச்சத்தை நிலைப்படுத்தும், மண்ணை மூடும், களையை அடக்கும், கூடுதல் வருமானம் தரும். இதில் எதுவும் பொய்யில்லை. ஆனால் ஒரு கணக்கு விடுபட்டுப்போகிறது. சோயா அறுவடையாகிப் போகும்போது மண்ணிலிருந்த ஈரத்திலும் கணிசமான பங்கை எடுத்துக்கொண்டுதான் போகிறது. தனிப்பருத்தி நின்றிருந்தால் அந்த ஈரத்தின் ஒரு பகுதி அக்டோபருக்கு மிஞ்சியிருக்கும். கரிசலின் பெருமையே அதுதானே. ஆக, ஊடுபயிர் என்பது பருத்தியின் அக்டோபர்க் கணக்கிலிருந்து சோயா வாங்கும் கடன். பின்மழை பெய்தால் கடன் தானே அடைபடும். பெய்யாவிட்டால் யாராவது அடைக்க வேண்டும். குட்டையிலிருந்து வரும் அந்த ஒரு தண்ணீர் அடைப்பது அந்தக் கடனைத்தான்.

இதைப் புரிந்துகொண்டால் ‘ஊடுபயிர்’, ‘பாசனம்’ என்னும் இரண்டும் தனித்தனித் தலைப்புகளாகப் பேசப்படுவது ஏன் பிழை என்பது விளங்கும். தாழ்நிலக் கரிசலில் ஒன்றுக்கு மற்றொன்று நிபந்தனை. தண்ணீர் இல்லாமல் கலப்பு செய்தால் பருத்தி இழக்கும். கலப்பு இல்லாமல் அந்த ஒரு தண்ணீருக்காகக் குட்டை வெட்டினால், குட்டை விழுங்கிய நிலத்தின் விலை திரும்ப வராமல் போகலாம். ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ மழை இரண்டு மூன்று வாரம் விட்டுப்போகும் ஆண்டுகளில் கணக்கு இன்னும் தெளிவாகும். அப்போது கொடுக்கும் ஒரே தண்ணீர், காய் பிடிக்கும் சோயாவையும் பூக்கத் தொடங்கும் பருத்தியையும் ஒருசேரக் காக்கிறது.

அளவையும் பார்க்கலாம். ஒரு ஹெக்டேரில் 5 செ.மீ. ஆழத்துக்கு நீர் பாய்ச்ச 500 கனமீட்டர் வேண்டும். மகாராஷ்டிர அரசு ‘கேட்பவருக்குப் பண்ணைக்குட்டை’ என்று பொருள்படும் திட்டத்தை 2016இல் தொடங்கியபோது வழங்கிய பெரிய அளவு 30 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழம். கரைகளைச் சாய்வாக வெட்டினால் கொள்ளளவு சுமார் 2,200 கனமீட்டர் வரும். ஆவியானதும் கசிந்ததும் போகப் பாதியே மிஞ்சும் என்று வைத்துக்கொண்டாலும் 1,100 கனமீட்டர். இரண்டு ஹெக்டேருக்கு ஒரு தண்ணீர், அல்லது ஒரு ஹெக்டேருக்கு இரண்டு தண்ணீர். அதற்குமேல் ஒரு சொட்டும் இல்லை. கால்வாய்ப் பகுதியில் கரும்பு போடுபவர் இதைப் பாசனம் என்று கேட்டால் சிரிப்பார். ஆனால் படிவத்தின் கண்ணுக்கு இருவரும் ஒரே கட்டத்தில் நிற்கிறார்கள்: ஜலசிஞ்சித்.

தாழ்நிலத்தில் இன்னொன்றும் உண்டு. ஜூலையில் தேங்கும் நீரை வெளியேற்றாமல் அக்டோபர்த் தண்ணீரைப் பற்றிப் பேசிப் பயனில்லை. அகன்ற மேட்டுப்பாத்தியும் சாலுமாக நிலத்தை அமைக்கும் முறையை ஐதராபாத்துக்கு அருகிலுள்ள பட்டான்செருவில் இக்ரிசாட் நிறுவனம் கரிசல் மண்ணுக்கென்றே உருவாக்கியது. மகாராஷ்டிரத்தில் இன்று சோயாவுக்கு அது பரிந்துரைக்கப்படுகிறது. அந்தச் சால்தான் ஜூலையில் வடிகால். அதே சால் வழியே குட்டை நிரம்புகிறது. அக்டோபரில் அதே சால் வாய்க்காலாகிறது. மூன்று வேலை செய்யும் இந்த ஒரு சாலுக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது.

இவ்வளவு பொருத்தமான ஏற்பாடாக இருந்தால் உழவர்கள் ஏன் தனிச்சோயாவையும் தனிப்பருத்தியையும் நோக்கிப் போகிறார்கள்? ‘அறியாமை’ என்ற விடையை விரிவாக்கப் பணியாளர்கள் எளிதில் தருவார்கள். அந்த விடை உழவரைப் பற்றிச் சொல்வதைவிட, விடை தருபவரைப் பற்றியே அதிகம் சொல்கிறது.

விதர்பா கலப்பை அறியாத நாடன்று. நாட்டுப் பருத்தியோடு சோளமும் துவரையும், ஓரங்களில் உளுந்தும் பாசிப்பயறும் கலந்து விதைப்பது அங்கே நெடுங்கால வழக்கம். சோளம் வீட்டுக்கு ரொட்டி, அதன் தட்டை மாட்டுக்குத் தீனி. துவரை ஆழ வேர்விட்டுக் கடைசி ஈரத்தையும் எடுத்துப் பருத்திக்குப் பின்னும் நிற்கும். அகோலாவின் டாக்டர் பஞ்சாப்ராவ் தேஷ்முக் வேளாண் பல்கலைக்கழகம் பருத்தி, சோளம், துவரை மூன்றையும் குறிப்பிட்ட வரிசை விகிதத்தில் அடுக்கிப் பரிந்துரைத்த முறைக்கு அடிப்படை இந்த வழக்கமே. 2002 மார்ச்சில் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது. சில ஆண்டுகளில் விதர்பாவின் பருத்தி ஏறக்குறைய முழுவதும் பி.டி. வீரிய ஒட்டு இரகங்களுக்கு மாறியது. சோளத்தின் இடத்தைச் சோயா எடுத்துக்கொண்டது. சோளம் போனதோடு தட்டையும் போயிற்று. தட்டை குறையவே எருதும் குறைந்தது. எருது குறைந்ததும், வரிசைகளுக்கிடையே ‘டவ்ரா’ என்னும் களைவெட்டியை ஓட்டும் வேலை கூலிக்கு எடுக்கும் வேலையாயிற்று.

அந்த இடைவெளியில் நுழைந்தது களைக்கொல்லி. தனிப்பயிரின் வெற்றி பற்றிய விவாதங்களில் இதற்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை. சோயாவில் களை முளைத்தபின் தெளிக்கும் மருந்துகளுள் பரவலானது இமாசெத்தபைர். சோயா அதைத் தாங்கும். பருத்தி தாங்காது. பருத்தியில் புல்வகைக் களைக்கு மருந்து உண்டு, அகன்ற இலைக் களைக்கு உள்ளதோ சோயாவுக்கு எப்போதும் ஒத்துப்போவதில்லை. ஆகவே இரண்டும் ஒரே வயலில் நின்றால் மருந்துப் புட்டி பெரும்பாலும் மூடியே இருக்க வேண்டும். களை கையால் எடுக்கப்பட வேண்டும். கையால் என்றால் பெண்களின் கையால். சோயா அறுவடைக்கும் இதே கதை. தனிச்சோயாவில் அறுவடை இயந்திரத்தை இறக்கலாம். நடுவே பருத்தி நின்றால் குனிந்து அறுக்க ஆள் வேண்டும். அந்த ஆட்கள் தேவைப்படும் வாரங்களில்தான் முதல் பருத்தி எடுப்பும் நெருங்குகிறது.

2019 ஜூனில் அகோலா மாவட்டத்தில் உழவர் அமைப்பொன்று, அனுமதி பெறாத களைக்கொல்லி தாங்கும் பருத்தியை வெளிப்படையாக விதைத்துப் போராட்டம் நடத்தியது. நாடு அதை மரபணு மாற்றம் பற்றிய சர்ச்சையாகப் பார்த்தது. அதைக் கூலிக் கணக்காகப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. கிளைபோசேட்டைத் தாங்கும் பருத்தியின் நடுவே வேறு எந்தச் செடியும் உயிரோடு நிற்க முடியாது. அந்த விதை பரவும் ஒவ்வொரு வயலும் கட்டாயத்தால் ‘நிர்பேள்’ ஆகிறது. 12ஆம் படிவத்தின் எழுத்தர் சொல்லில் வைத்த தூய்மையை, வேதிப்பொருள் வயலில் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. (மருந்தின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதற்கு 2017 யவத்மாள் சாட்சி. பருத்தியில் பூச்சிமருந்து தெளிக்கப்போய் அந்த ஒரு பருவத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இளஞ்சிவப்புக் காய்ப்புழு பி.டி.யின் தற்காப்பைக் கடந்து விதர்பாவில் பேரழிவு செய்ததும் அதே பருவத்தில்தான்.)

எனவே ஊடுபயிரைப் பரிந்துரைக்கும் ஆய்வாளர் உண்மையில் பரிந்துரைப்பது கூடுதல் பெண்ணுழைப்பை. அது கூடாது என்பதற்கில்லை. அந்த உழைப்பு எவ்வளவு, எந்த வாரத்தில், யாருடையது, என்ன கூலிக்கு என்பன ஆய்வேட்டின் அட்டவணையில் இடம்பெற வேண்டும். பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

இங்கே அளவுகோல் பற்றிய பேச்சு வருகிறது. ஊடுபயிர் ஆய்வின் அரசன் ‘நிலச் சமன் விகிதம்’. இக்ரிசாட்டில் பணியாற்றிய வில்லி 1979இலும், அவரும் மீடும் சேர்ந்து 1980இலும் எழுதிய கட்டுரைகளுக்குப் பிறகு அது உலக வழக்காயிற்று. கணக்கு எளிது. தனியாக விதைத்தால் பருத்தி 10 குவிண்டால், சோயாவும் 10 குவிண்டால் என்று ஓர் எடுத்துக்காட்டுக்குக் கொள்வோம். கலப்பில் பருத்தி 7, சோயா 5 கிடைத்தால் 0.7 கூட்டல் 0.5, மொத்தம் 1.2. அதாவது இதே விளைச்சலைத் தனித்தனியே எடுக்க 20 விழுக்காடு கூடுதல் நிலம் வேண்டியிருந்திருக்கும். அழகான கணக்கு. ஆனால் அது நிலத்தை மட்டுமே அருமையான பொருளாகக் கருதுகிறது. சோயா நூறு நாளில் இடத்தைக் காலி செய்கிறது, பருத்தி ஆறு மாதம் நிற்கிறது என்பதை அது பார்ப்பதில்லை. அந்தக் குறையைச் சுட்டி ஹீப்ஷும் மெக்காலமும் 1987இல் காலத்தையும் சேர்த்த ‘பரப்பு–காலச் சமன் விகித’த்தை முன்வைத்தார்கள். அதைக் கொண்டு பார்த்தால் பல கலப்புகளின் மேன்மை சுருங்கிவிடும். ஆய்வேடுகளில் முதல் விகிதம் தலைப்பாக நிற்க, இரண்டாவது பின்னிணைப்புக்குப் போவதற்கு அதுவும் ஒரு காரணமாயிருக்கலாம்.

பூர்ணா ஓரத்து உழவருக்கு அருமையானவை இரண்டு: அக்டோபரின் 5 செ.மீ. தண்ணீரும், ஆகஸ்டின் களையெடுக்கும் கைகளும். ஒரு கனமீட்டர் குட்டைநீருக்கு எவ்வளவு வருமானம், ஒரு நாள் களையெடுப்புக்கு எவ்வளவு வருமானம் என்று கணக்கிட்டால் ஊடுபயிர் சில ஆண்டுகளில் தோற்கும், சில ஆண்டுகளில் வெல்லும். எந்த ஆண்டில் எது என்று சொல்ல முடிவதே ஆய்வின் பயன். நிலச் சமன் விகிதம் ஒன்றைத் தாண்டியது, ஆகவே பரிந்துரைக்கப்படுகிறது என்று முடியும் ஆய்வேடு எந்த வயலையும் பற்றிப் பேசவில்லை. ஆய்வுப் பண்ணைகளிலோ மின்சாரமும் ஆழ்குழாய்க் கிணறும் தயாராக இருக்கும். ‘மானாவாரிச் சோதனை’, ‘பாசனச் சோதனை’ என்று இரண்டு வேலிகளுக்குள் பயிர் நிற்கும். ஒரே ஒரு தண்ணீர் என்னும் மூன்றாவது வேலி அரிது.

சொற்களிலும் இதே சாய்வு தெரிகிறது. ‘முதன்மைப் பயிர்’, ‘ஊடுபயிர்’ என்ற பெயரீடு, பருத்தி வீட்டுக்காரர், சோயா குடிக்கூலி என்று முன்கூட்டியே தீர்ப்பளிக்கிறது. தீபாவளிச் செலவும் ராபி விதையும் சோயாப் பணத்தில் வருகின்றன. பருத்திப் பணம் தவணை தவணையாகச் சனவரிக்கு அப்பாலும் வந்து கடனில் கரைகிறது. வீட்டுக் கணக்கில் எது முதன்மை? ‘மராத்தியில் அந்தர்பீக், தமிழில் ஊடுபயிர்’ என்று மொழிபெயர்த்து நகர்ந்துவிடுவது எளிது. இரு மொழியிலும் அந்தச் சொல் ஆய்வு நிலையத்தின் பார்வையிலிருந்து செய்யப்பட்டது.

புகழ்ந்தது போதும் என்று சொல்லும் இடமும் உண்டு. பருத்தி–சோயாக் கலப்பு, அது இடம்பெயர்த்த பருத்தி–சோளம்–துவரைக் கலப்பைவிட ஏழையானது. கலப்பின் முதற்பயன் இடர்ப் பகிர்வு என்றால், இரண்டு பயிரும் ஒரே அடிக்கு விழக்கூடாது. அக்டோபரில் பெருமழை பெய்தால் அறுத்துக் கிடக்கும் சோயா முளைத்துப்போகிறது. வெடித்த பருத்தியும் கறை படிகிறது. இரண்டுமே சந்தைக்கான பயிர்கள். விலை வீழ்ந்தால் வீட்டில் உண்ண ஒன்றும் இல்லை. 2024–25 பருவத்தில் சோயாவின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,892 ரூபாய். சந்தை அதற்கும் கீழே போனது. மகாராஷ்டிரச் சட்டமன்றத் தேர்தலில் அது பேசுபொருளாயிற்று. கொள்முதலுக்கான ஈரப்பத வரம்பை 12இலிருந்து 15 விழுக்காடாக அந்த நவம்பரில் ஒன்றிய அரசு தளர்த்த வேண்டியிருந்தது. மெல்ல உலரும் தாழ்நில வயலின் சோயாவுக்கு ஈரப்பத வரம்பு என்பது விலையின் மறுபெயர் என்பதை அந்தத் தளர்வே காட்டிக்கொடுத்தது. ஆறு வரிசைக்கு ஒரு வரிசை துவரையாவது திரும்ப வரவேண்டும் என்று வாதிடுவோர் பக்கம் நியாயம் இருக்கிறது.

இனி மீண்டும் படிவம். கலப்பு வயலின் பரப்பைப் பதிவில் எப்படி எழுதுவது? ஒரு ஹெக்டேரில் வரிசைக்கு வரிசை இரண்டும் நின்றால், பாதி பருத்தி, பாதி சோயா என்று பங்கிடலாம். ஆனால் பருத்தியின் செடி எண்ணிக்கையைக் குறைக்காமல் இடைவெளியில் சோயாவைச் சேர்த்திருந்தால், வயலில் இருப்பது ஒரு முழு ஹெக்டேர் பருத்தி. காகிதத்திலோ அரை ஹெக்டேர். விளைச்சலை அரை ஹெக்டேரால் வகுத்தால் பருத்தி உற்பத்தித்திறன் இருமடங்காகத் தோன்றும். முழுப் பரப்பையும் பருத்தி என்றே எழுதினால் சோயா மறைந்துபோகும். இரண்டுமே பொய்க்கணக்கு. 2016இல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் பரப்பு சார்ந்த விளைச்சலை அடிப்படையாகக் கொண்டது. பயிர் அறுவடைச் சோதனைகள் ஒவ்வொரு பயிருக்கும் தனியே நடக்கின்றன. அக்டோபர் மழையில் இரண்டையும் இழந்த கலப்பு உழவரின் இழப்பு, பக்கத்துத் தனிப்பயிர் வயல்களின் சராசரிகளால் தீர்மானிக்கப்படுகிறது. வங்கிக் கடன் அளவும் பயிர்வாரியாகவே வகுக்கப்படுகிறது. இப்படி ஒவ்வோர் அலுவலகத்தின் வாசலிலும் கலப்பு வயல் தன்னை இரண்டாக வெட்டிக்கொண்டுதான் உள்ளே போக முடிகிறது. வேடிக்கை என்னவென்றால், பழைய 12ஆம் படிவமாவது ‘மிஷ்ர’ என்று ஒரு கட்டம் வைத்து, அதற்குள் உள்ள பயிர்களைத் தனித்தனியே பெயர் சொல்லிக் கேட்கிறது. ‘நிர்பேள்’ என்று புகழ்ந்தாலும், கலப்பு என ஒன்று இருப்பதை அது ஒப்புக்கொண்டது. அதற்குப் பின் வந்த திட்டங்களுக்கு அந்த அளவு பொறுமையும் இல்லை.

திருத்தம் கடினமானதன்று. ‘நீர் பாய்ந்ததா’ என்ற கேள்வியின் இடத்தில் ‘எத்தனை முறை, எந்த மாதத்தில், எந்த நீர்’ என்று கேட்கலாம். பரப்பைப் பங்கிடாமல், வயலை ஓர் அலகாக வைத்து, அதில் நின்ற பயிர்களின் வரிசை விகிதத்தை எழுதலாம். வருவாய்த் துறை செய்யும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. முதுகலை ஆய்வேட்டின் செயல்முறை அத்தியாயத்தில் நாளையே செய்யலாம். ‘மானாவாரி நிலையில்’ என்ற இரு சொல் எழுதப்படும் இடத்தில் தண்ணீர் கொடுத்த தேதியையும் கனமீட்டரையும் எழுதினால் போதும்.

2021 ஆகஸ்டிலிருந்து மகாராஷ்டிர உழவர்கள் ‘ஈ-பீக் பாஹணி’ என்னும் கைப்பேசிச் செயலியில் தங்கள் பயிரைத் தாங்களே பதிகிறார்கள். வயலில் நின்று படம் எடுத்து ஏற்ற வேண்டும். தனிப்பயிரா கலப்பா, பாசன வசதி என்ன என்பனவும் அங்கே கேட்கப்படுகின்றன. காரீப் பதிவுக்கான வாசல் ஆகஸ்டு, செப்டம்பரில் திறந்து மூடுகிறது. அந்த நாட்களில் எடுத்த படத்தில் சோயாவின் பச்சை வரிசைகளை மூடி நிற்கும், பருத்தி அதற்குள் தலைகாட்டிக்கொண்டிருக்கும். குட்டையில் நீர் நிறைந்திருக்கும், யாரும் இன்னும் எடுத்திருக்க மாட்டார்கள். எஞ்சின் வைத்து அந்த ஒரு தண்ணீரை வயலில் விடும் அக்டோபர்க் காலையில் செயலியின் காரீப் பக்கம் மூடியிருக்கும்.